தையல் பிரித்த பிறகு யார் கேட்கிறார்கள்?

தமிழ்நாட்டில் ஒரு பெண் கருவுற்றது தெரிந்ததும் கிராம சுகாதாரச் செவிலியர் அவருக்கு ஒரு 'பிக்மி' எண் பதிந்து கொடுக்கிறார். அதன் பிறகு எல்லாம் அந்த எண்ணைச் சுற்றியே நடக்கிறது: எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தடுப்பூசி, ஸ்கேன், நிதியுதவி, பிரசவம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) மாநிலத்தின் 99.6% பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டையிலோ அரியலூர் மாவட்டத்தின் ஆண்டிமடத்திலோ வலி எடுத்த பெண்ணின் வீட்டு வாசலில் 108 ஆம்புலன்ஸ் வந்து நிற்பது இன்று செய்தியே அல்ல.

இரண்டாவது குழந்தை பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு (கு.க.) ஆபரேஷனும் முடிந்து, தையல் பிரித்து வீட்டுக்கு வந்ததும் இந்தக் கணக்கு நின்றுவிடுகிறது. குழந்தையின் தடுப்பூசி அட்டை தொடர்கிறது. தாய்க்கு எந்த அட்டையும் இல்லை. இந்தியப் பெண்கள் கருத்தடை அறுவை செய்துகொள்ளும் இடைநிலை வயது 26-ஐத் தொடவில்லை என்கிறது நான்காவது குடும்பநல ஆய்வு. மாதவிடாய் நிற்பதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் பாக்கி.

அந்த இருபது ஆண்டுகளில் பெண்கள் நல மருத்துவர்களின் அறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "ஆபரேஷன் பண்ணதிலேருந்தே இப்படித்தான் கட்டி கட்டியாப் போவுது, அடிவயிறு இழுத்துப் புடிக்குது, இடுப்பு விட்டுப் போவுது." இதற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் கிடைக்கிறது. ஒன்று: "அதெல்லாம் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்." இன்னொன்று: "அதான் குழந்தை பெத்தாச்சே, கர்ப்பப்பை இனிமே எதுக்கு? எடுத்துடலாம்." இரண்டுக்கும் நடுவே நடந்திருக்க வேண்டிய பரிசோதனை பல நேரங்களில் நடப்பதே இல்லை.

கு.க. ஆபரேஷன்தான் காரணமா?

முதலில் பழி சுமக்கும் அறுவையைப் பார்த்துவிடலாம். பிரசவத்தை ஒட்டிச் செய்யும் கருத்தடை அறுவையில் தொப்புளுக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, கருக்குழாயை வளையம்போல வெளியே இழுத்து, அடியில் கட்டுப் போட்டு, வளையத்தின் உச்சியை வெட்டி எடுக்கிறார்கள். லேப்ராஸ்கோப்பி முறையில் குழாயின் மீது சிறு வளையம் மாட்டுகிறார்கள். இரண்டிலும் கர்ப்பப்பையைத் தொடுவதில்லை. சினைப்பை அதே இடத்தில் இருக்கிறது. அது சுரக்கும் ஹார்மோன்தான் மாதவிடாயை நடத்துகிறது. ஆகவே குழாயை வெட்டியதால் ரத்தப்போக்கு கூட வேண்டிய அவசியம் இல்லை.

ஆனாலும் இந்தச் சந்தேகம் கிராமத்துப் பெண்களுக்கு மட்டும் வந்ததல்ல. 1951-லேயே அமெரிக்க மகப்பேறு மருத்துவ இதழ் ஒன்றில், கருக்குழாயைக் கட்டிய பிறகு மாதவிடாய் தாறுமாறாகிறது என்று மருத்துவர்கள் எழுதினார்கள். விவாதம் அரை நூற்றாண்டு ஓடியது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1978 முதல் 1987 வரை பல நகரங்களில் பெண்களைச் சேர்த்து, ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து விசாரித்தது. கருத்தடை அறுவை செய்துகொண்ட 9,514 பெண்களையும், கணவர் வாசக்டமி (ஆண் கருத்தடை அறுவை) செய்துகொண்ட 573 பெண்களையும் ஒப்பிட்டு 2000-ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவு வெளியானது. அறுவை செய்துகொண்ட பெண்களுக்கு ரத்தப்போக்கின் அளவோ நாட்களோ வலியோ கூடவில்லை. குறைந்ததாகச் சொன்னவர்களே அதிகம். சுழற்சி ஒழுங்கு தவறுவது மட்டும் சற்று கூடியிருந்தது.

அதே ஆய்வுத் திட்டத்தில் இன்னொரு விஷயமும் தெரியவந்தது. கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் பின்னாளில் கர்ப்பப்பையையும் எடுத்துக்கொள்வது, வாசக்டமி செய்துகொண்டவர்களின் மனைவியரைவிட நான்கு மடங்குக்கு மேல். உடலியல் ரீதியாக இதற்கு உறுதியான காரணம் கிடைக்கவில்லை. ரத்தப்போக்கு கூடவில்லை, ஆனால் கர்ப்பப்பையை எடுப்பது மட்டும் கூடுகிறது என்றால் காரணத்தை மனிதர்களின் முடிவுகளில்தான் தேட வேண்டும். இனி பிள்ளை பெறப் போவதில்லை என்று ஆகிவிட்ட ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை எடுப்பதற்கு அவருக்கும் தயக்கம் குறைகிறது, கணவருக்கும் குறைகிறது, மருத்துவருக்கும் குறைகிறது.

தமிழ்நாட்டுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று யோசித்தால் கவலை வருகிறது. ஐந்தாவது குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான தமிழ்நாட்டுப் பெண்களில் 57.8% பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். வாசக்டமி 0.1%. அதாவது தயக்கம் குறைந்துபோன அந்தக் கூட்டத்தில் மாநிலத்தின் பாதிக்கு மேற்பட்ட மனைவியர் இருக்கிறார்கள்.

அப்படியானால் "ஆபரேஷன் பண்ணதிலேருந்து" என்று பெண்கள் சொல்வது பொய்யா? இல்லை. இருபத்தைந்து வயதில் அறுவை செய்துகொண்டவருக்கு முப்பத்தைந்தில் கர்ப்பப்பைச் சுவரில் நார்க்கட்டி வளரலாம், உள்படலத் திசு சுவருக்குள் புதைந்து அடினோமயோசிஸ் வரலாம், தைராய்டு குறையலாம். அறுவைக்கு முன் கருவுற்றும் அதன் பின் பாலூட்டியும் கழிந்த காலத்தில் மாதவிடாயே சரியாக வந்திருக்காது. எல்லாம் முடிந்து மீண்டும் வரும்போது புதிதாகத் தெரிகிறது. உடம்பில் கடைசியாக நடந்த பெரிய நிகழ்வு அந்த அறுவைதான் என்பதால் பழி அதன்மீது விழுகிறது. அவர் சொல்லும் ரத்தமும் வலியும் நிஜம். காரணத்தைக் கண்டுபிடிப்பது அவர் வேலை அல்ல, மருத்துவரின் வேலை.

வெளியே ஆறிய தழும்பு

கருத்தடை அறுவையைப் போல அவ்வளவு எளிதில் விடுவிக்க முடியாதது சிசேரியன். ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 21.5% பிரசவங்கள் சிசேரியன் என்றால் தமிழ்நாட்டில் 44.9%. தனியார் மருத்துவமனைகளில் 63.8%. அரசு மருத்துவமனைகளிலேயே 36%. இத்தனை கர்ப்பப்பைகளில் தழும்பு இருக்கும் மாநிலம், அந்தத் தழும்பு பின்னாளில் என்ன செய்யும் என்று பெண்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

வயிற்றின் மேல்தோல் அழகாகக் கூடிவிட்ட பிறகும், கர்ப்பப்பைச் சுவரில் தைத்த இடம் சிலருக்கு முழுத் தடிமனுக்குக் கூடுவதில்லை. உள்பக்கம் ஒரு பள்ளம் விழுந்துவிடுகிறது. மாதவிடாய் ரத்தம் கொஞ்சம் அந்தப் பள்ளத்தில் தேங்கி, பிறகு மெல்லக் கசிகிறது. "தலைக்குத் தண்ணி ஊத்தின பிறகும் நாலு நாள் பழுப்பாப் படுது" என்று ஒரு பெண் சொன்னால், முன்பு சிசேரியன் நடந்ததா என்று கேட்க வேண்டிய இடம் அதுதான். வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இந்தப் பள்ளம் தப்பிவிடலாம். பெண்ணுறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேனில் தெளிவாகத் தெரியும்.

இன்னொன்று, தழும்பிலேயே வரும் எண்டோமெட்ரியோசிஸ். அறுவையின்போது கர்ப்பப்பையின் உள்படலச் செல்கள் வயிற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே வளர்கின்றன. தையலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டி. மாதாமாதம் அந்த நாட்களில் மட்டும் வீங்கி வலிக்கும், பிறகு அடங்கும். தையல் நூல் உறுத்துகிறது என்றும் குடலிறக்கம் என்றும் சொல்லி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போவது உண்டு. வலி எந்த நாட்களில் வருகிறது என்ற ஒரு கேள்வியிலேயே பாதி விடை கிடைத்துவிடும். மூன்றாவது, ஒட்டுதல்: அறுவைக்குப் பிறகு குடலும் சிறுநீர்ப்பையும் கர்ப்பப்பையும் நார்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. எந்த வயிற்று அறுவைக்குப் பிறகும் இது வரலாம். எல்லோருக்கும் வலிப்பதில்லை, வலிக்கிறவர்களுக்கு ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரிவதில்லை. "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்" என்ற பதில் அவர்களுக்காகவே தயாராக இருக்கிறது.

பிரசவத்தோடு காப்பர்-டி வைக்கப்பட்டவர்களும் உண்டு. வைத்தது தெரியாமலே வீடு திரும்பியவர்களும் உண்டு. காப்பர்-டி மாதவிடாயைக் கூட்டும் என்பது எல்லா மருத்துவர்களும் அறிந்தது. முதலில் அது உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமல் ரத்தப்போக்குக்கு மாத்திரை எழுதுவது வீண்.

வெங்காயக் காட்டில் அளவுகோல்

பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் பேர்போனது. செட்டிகுளம் பக்கம் அறுவடைக் காலத்தில் பெண்கள் வெயிலில் குத்தவைத்து உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட வெங்காயத்தின் தாளை அரிவாளால் அறுத்துக்கொண்டே நகர்வார்கள். காலையில் உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுவது. பக்கத்தில் ஒதுங்க மறைவு இல்லை. பழைய சேலைத் துணியை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, நனைந்தது தெரிந்தும் எழாமல் இருப்பவருக்கு ரத்தப்போக்கு அதிகமா என்று கேட்டால், "எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்பார். அரியலூர்ப் பக்கம் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதியின் முந்திரிக் காடுகளில் கொட்டை பொறுக்கும் பெண்ணும் அதையேதான் சொல்வார்.

மருத்துவப் பாடநூல் ஒரு சுழற்சிக்கு 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்கிறது. மில்லி கணக்கு வெங்காயக் காட்டில் உதவாது. அதனால்தான் பிரிட்டனின் வழிகாட்டி நெறிமுறைகள் 2007-லேயே, பெண்ணின் அன்றாட வாழ்க்கையைக் குலைக்கிற அளவுக்குப் போனால் அது அதிகப் போக்கு என்று வரையறுத்தன. நம் ஊருக்கு ஏற்ற கேள்விகளாக அதை மாற்றிவிடலாம். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துணி மாற்ற வேண்டியிருக்கிறதா? இரவில் பாய் நனைகிறதா? பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் போகின்றனவா? ஏழு நாளைத் தாண்டுகிறதா? தண்ணீர்க் குடத்தோடு நடந்தால் மூச்சு வாங்குகிறதா? இவற்றில் இரண்டுக்கு 'ஆமாம்' வந்தால் ஹீமோகுளோபின் பார்த்தாக வேண்டும். ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. அதற்குக் கீரையும் பேரீச்சையும் சொல்லி அனுப்புகிறோம். மாதாமாதம் எவ்வளவு வெளியே போகிறது என்று கேட்காமல் உள்ளே போவதைப் பற்றி மட்டும் பேசுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பதுதான்.

கேட்டால் என்ன தெரியவரும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு சாட்சி. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர் ராணி பங்கும் அவரது குழுவினரும் இரண்டு கிராமங்களின் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 92% பேருக்கு ஏதோ ஒரு பெண்நோய் இருந்தது. சராசரியாக ஒருவருக்கு மூன்றுக்கும் மேல். அதற்கு முன் ஒருமுறையாவது மகளிர் நோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் வெறும் 8%. தமிழ்நாட்டிலும் செங்கல்பட்டுப் பகுதியில் 1981-இல் தொடங்கிய 'ரூவ்செக்' என்ற கிராமப்புறப் பெண்கள் அமைப்பு, தலித் பெண்களே முன்னின்று, கர்ப்பப்பை இறக்கம் முதலான உபாதைகளைப் பெண்களின் வாய்மொழியிலேயே பதிவு செய்திருக்கிறது. பெண்கள் பேசத் தயங்குகிறார்கள் என்பது பாதி உண்மைதான். உட்கார்ந்து கேட்டவர்களிடம் அவர்கள் பேசியிருக்கிறார்கள்.

கர்ப்பப்பை எடுத்தால் தீர்ந்துவிடுமா?

கர்ப்பப்பையை எடுப்பது பற்றி 2015-16-இல் நடந்த நான்காவது குடும்பநல ஆய்வு முதன்முறையாக நாடு முழுவதும் கேட்டது. 15-49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று மேல் கர்ப்பப்பையை இழந்திருந்தார்கள். எடுத்தபோது இருந்த இடைநிலை வயது 34. மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தது. பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன காரணம் அதிக ரத்தப்போக்கு அல்லது வலி. பள்ளிக்கூடம் போகாத பெண்களிடம் இது கூடுதல். ஆந்திரம், தெலங்கானாவில் விகிதம் மிக அதிகம்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நடந்தது இதன் உச்சம். கரும்பு வெட்டப் போகும் கணவனும் மனைவியும் ஒரே அரிவாளாகக் கணக்கிடப்பட்டு முன்பணம் வாங்குகிறார்கள்; ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிடாய் நாட்கள் நஷ்டக் கணக்கில் சேர்ந்தன. 2019-இல் மாநில அரசு அமைத்த குழு விசாரித்தபோது, கரும்பு வெட்டும் 82,309 பெண்களில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. பெரம்பலூரிலும் எறையூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது, சுற்றிலும் கரும்பு இருக்கிறது. ஆனால் பீட்டின் நிலைமையை இங்கே அப்படியே பொருத்துவது தவறு. இங்குள்ள கூலி ஏற்பாடு வேறு. பொதுவானது ஒன்றுதான்: மாதத்தில் நாலு நாள் கூலி போகிறதே என்ற கணக்கு. அந்தக் கணக்கோடு வரும் பெண்ணிடம் "எடுத்துட்டா நிம்மதி" என்று சொல்வது எளிது.

ஸ்கேன் ரிப்போர்ட் இதில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். 'பல்கி யூடரஸ்' என்று ஒரு வரி இருக்கும். பிள்ளை பெற்ற கர்ப்பப்பை கொஞ்சம் பருத்திருப்பது இயல்பு. வீட்டுக்கு வரும்போது அது "கர்ப்பப்பை வீங்கியிருக்காம்" என்றாகிறது. கர்ப்பப்பை வாயில் லேசான சிவப்பு, "புண்ணு இருக்காம்" என்றாகிறது. அதற்கு அடுத்த நாள் "விட்டா கேன்சர் ஆயிடுமாம்." இந்த மூன்று வாக்கியங்களுக்குள் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிடுகிறார்கள். உண்மையில் புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் அதற்குத் தனிச் சோதனைகள் உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனையைத் தமிழ்நாடு தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் முதலில் நடத்திப் பார்த்து, பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே கொண்டுவந்தது. உள்படலத்தில் சந்தேகம் என்றால் சிறு குழாய் விட்டுத் திசு எடுத்துப் பார்க்கலாம். பயத்துக்குப் பதில் சோதனைதான், கத்தி அல்ல.

கர்ப்பப்பை நீக்கம் கெட்ட அறுவை என்று சொல்வதற்கில்லை. புற்றுநோய்க்கும், வயிற்றை அடைக்கிற நார்க்கட்டிக்கும், மருந்துக்கு அடங்காத அடினோமயோசிசுக்கும் அது உயிரையும் வாழ்க்கையையும் மீட்டுத் தருகிறது. ஆனால் அதற்குப் பிறகு வலி தீராதவர்களும் இருக்கிறார்கள். எண்டோமெட்ரியோசிஸ் திசு கர்ப்பப்பைக்கு வெளியே இருந்தால், கர்ப்பப்பை போன பிறகும் அது அங்கேயே இருக்கும். விட்டுவைத்த சினைப்பை ஒட்டுதலில் சிக்கி வலிக்கலாம். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் முப்பத்தைந்து வயதிலேயே மாதவிடாய் நின்ற உடம்பு வந்துவிடுகிறது: உடல் கொதிப்பு, தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம், இதயநோய் அபாயம். தன் வயிற்றிலிருந்து என்னென்ன எடுத்தார்கள் என்று தெரியாத பெண்கள் எத்தனையோ பேர். 'கர்ப்பப்பை எடுத்தாச்சு' என்ற ஒரே சொல்லுக்குள் சினைப்பையும் போய்விடுகிறது.

நடுவில் இருக்கும் படிகள்

மாதவிடாய் ரத்தப்போக்கின் காரணங்களை உலக மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு 2011-இல் ஒன்பது வகைகளாக வகுத்தது. உள்சதை வளர்ச்சி, அடினோமயோசிஸ், நார்க்கட்டி, புற்று என்று கண்ணால் காணக்கூடியவை நான்கு. ரத்தம் உறையும் கோளாறு, கருமுட்டை வெளியாகும் கோளாறு, உள்படலக் கோளாறு, மருத்துவம் தந்த விளைவு, வகைப்படுத்தாதவை என்று மீதி ஐந்து. வகை தெரிந்தால் மருந்து தெரியும். டிரானெக்சாமிக் அமிலம் என்ற மலிவான மாத்திரை, ரத்தம் போகும் நாட்களில் மட்டும் சாப்பிட்டால் போக்கைப் பாதியளவு வரை குறைக்கிறது. 1962-இல் அதைக் கண்டறிந்தவர்கள் ஜப்பானியத் தம்பதி உதகோ, ஷோசுகே ஒகமோட்டோ. பிரசவ ரத்தப்போக்கில் தாய்மார் இறப்பதைத் தடுப்பதுதான் அவர்கள் எண்ணம்.

அடுத்தது ஹார்மோன் சுரக்கும் ஐ.யு.டி. காப்பர்-டி போலவே கர்ப்பப்பைக்குள் வைப்பது. ஆனால் செம்புக்குப் பதில் லெவோநோர்ஜெஸ்ட்ரல் ஹார்மோனைத் துளித்துளியாக விடுகிறது. உள்படலம் மெலிந்து ரத்தம் பெருமளவு குறைகிறது. பிரிட்டனில் 571 பெண்களிடம் நடந்த ஆய்வில், வழக்கமான மாத்திரைகளைவிட இது பெண்களின் அன்றாட வாழ்க்கையை அதிகம் மீட்டது என்று 2013-இல் தெரிந்தது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். 'எமிலி' என்ற பெயரில் தயாரிக்கிறது. முதல் சில மாதங்கள் அவ்வப்போது சொட்டுச் சொட்டாகப் படும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், பெண்கள் பயந்து எடுத்துவிடச் சொல்வார்கள். கருத்தடைக்காகவே இதை அறிந்த ஊரில், "எனக்குத்தான் கு.க. பண்ணியாச்சே, இது எதுக்கு?" என்ற கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

கர்ப்பப்பையை எடுக்காமல் உள்படலத்தை மட்டும் சூட்டினால் கருக்கிவிடும் சிகிச்சையும் தனியார் மருத்துவமனைகளில் சொல்லப்படுகிறது. பலருக்கு நல்லது. ஆனால் கருத்தடை அறுவை முன்பே நடந்திருந்தால் சிலருக்கு ஒரு சிக்கல் வரும்: மூலையில் தப்பிய உள்படலம் மாதாமாதம் ரத்தம் கசிய, ஒருபக்கம் தழும்பும் மறுபக்கம் கட்டிய குழாயும் அதை வெளியேற விடாது. சுழற்சிதோறும் கடுமையான இடுப்பு வலி. 1993-லேயே மருத்துவ இலக்கியத்தில் பதிவான பிரச்சினை இது. பாதிக்கு மேற்பட்ட மனைவியர் கு.க. செய்துகொண்ட மாநிலத்தில் இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கக் கூடாது.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் என்ன செய்யலாம்?

சட்டமும் நெறிமுறையும் ஏற்கெனவே இருக்கின்றன. 2014 நவம்பர் 8 அன்று சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்ய, பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் முகாம் முறையை மூன்று ஆண்டுகளுக்குள் கைவிடச் சொன்னது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கம் பற்றி நரேந்திர குப்தா தொடர்ந்த வழக்கில் 2023 ஏப்ரல் 5 அன்று, ஒன்றிய சுகாதாரத் துறையின் 2022 வழிகாட்டு நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழு அமைப்பதும், 40 வயதுக்குக் கீழ் நடக்கும் கர்ப்பப்பை நீக்கத்தைக் காரணத்தோடு பதிவதும் அதில் அடக்கம்.

கருத்தடை அறுவைக்கு அரசின் இழப்பீட்டுத் திட்டமும் உண்டு. ஆனால் சிக்கல் என்றால் வீட்டுக்குப் போன 60 நாட்களுக்குள் வந்தாக வேண்டும். ஆறு மாதம் கழித்து வரும் தீராத வலிக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. பணம் தருவது ஒருபுறம் இருக்கட்டும். அந்த வலியைக் கேட்டுப் பதிவதற்கான கால எல்லையாவது நீள வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார். அதே வாசலில், அதே பெண்ணிடம், மேலே சொன்ன ஐந்து கேள்விகளைக் கேட்க ஒரு நிமிடம் போதும். வந்திருப்பவரும் ஊர்ப் பெண்தான் என்பதால் "அக்கா, உங்களுக்கு எப்படிப் போவுது?" என்று கேட்க அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. 'ஆமாம்' சொன்னவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு; அங்கிருந்து வட்டார மருத்துவமனையில் உள்வழி ஸ்கேன். பிரசவம் முடிந்து அனுப்பும்போது தரும் சீட்டில், கருத்தடை எந்த முறையில் நடந்தது, சிசேரியனில் என்ன சிக்கல், காப்பர்-டி வைத்தார்களா என்பதைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் பத்து ஆண்டு கழித்துப் பார்க்கும் மருத்துவர் இருட்டில் தடவ வேண்டியிராது.

வழக்கமாகக் கடினமான நோயாளிகளைத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்பும் பகுதி இது. ஒரு நாள் கூலியும் துணைக்கு வருபவரின் கூலியும் பஸ் செலவும் சேர்ந்து, பலரைப் பாதியிலேயே பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்குத் திருப்பிவிடுகிறது. 2022 ஜனவரியில் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. வாரத்தில் ஒரு நாள் அங்கும் பெரம்பலூர் தலைமை மருத்துவமனையிலும் ரத்தப்போக்குக்கும் இடுப்பு வலிக்கும் மட்டும் தனிப் புறநோயாளிப் பிரிவு நடத்தலாம். ஹார்மோன் ஐ.யு.டி. இலவசமாக அங்கே கிடைக்க வேண்டும். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு வாசக்டமி பற்றிக் கணவரிடமும் ஒருமுறை பேசலாம். அது சிறிய அறுவை, 0.1% என்பது பேசாததன் விளைவு.

கையெழுத்துப் போடும் முன் பெண்ணுக்கும் வீட்டாருக்கும் நான்கு கேள்விகள் தெரிந்திருந்தால் நல்லது. எனக்கு வந்திருக்கும் நோயின் பெயர் என்ன? மருந்தும் ஹார்மோன் ஐ.யு.டி.யும் முயன்று பார்த்தாயிற்றா? சினைப்பையை விட்டுவைப்பீர்களா? எடுக்காமல் ஆறு மாதம் காத்திருந்தால் என்ன ஆகும்? பதில் சொல்ல விரும்பாத மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

இவற்றில் சிலவற்றுக்கு நிதி வேண்டும், காலம் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் இரண்டும் வேண்டாம். இரு மாவட்டங்களிலும் கடந்த ஓராண்டில் அரசு, தனியார் மருத்துவமனைகளில் எத்தனை பெண்களின் கர்ப்பப்பை நீக்கப்பட்டது, அவர்களில் 40 வயதுக்குக் கீழே எத்தனை பேர், என்ன காரணம், முன்பு கு.க. அல்லது சிசேரியன் நடந்ததா, சினைப்பை விட்டுவைக்கப்பட்டதா என்ற விவரங்கள் மருத்துவமனைப் பதிவேடுகளிலும் காப்பீட்டுத் திட்டத்தின் கணினியிலும் இருக்க வேண்டியவை. மாவட்டக் கண்காணிப்புக் குழு அவற்றைத் திரட்டி, பெண்களின் பெயர் இல்லாமல், ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். முதல் பட்டியலை இந்த ஆண்டே ஆட்சியர் அலுவலகங்கள் கேட்டு வாங்கலாம்.